யாரிடம் போய்க் கேட்பது?

அரசாங்க ஆஸ்பத்திரியொன்றில் மகனை அனுமதித்துவிட்டு மூன்று நாட்கள் அவன் கட்டிலருகே இருந்துவிட்டு வந்த அயல்வீட்டுச் சகோதரி ஒருவர் ஒரு விஷயத்தைச் சொன்னார். வார்டின் மலசலகூடத்தில் தண்ணீர் கணுக்கால் வரை தேங்கி நின்றிருக்கிறது. கூட்டித் துடைக்க வந்த பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். "எனக்கு நடைபாதை மட்டும்தான் அக்கா தந்திருக்கிறாங்க" என்றாளாம் அவள். தாதியிடம் சொன்னால், "அவங்க கம்பனி ஆட்கள். நாங்க வேலை சொல்ல ஏலாது. எங்கட சிற்றூழியர் என்றால் இப்பவே கூப்பிட்டுச் சொல்லிப் போடுவேன்" என்று பதில். கம்பனியின் மேற்பார்வையாளர் காலையிலும் மாலையிலும் ஒரு தடவை வந்து பெயர்ப் பதிவைப் பார்த்துவிட்டுப் போகிறவர். அவரைப் பிடித்துக் கேட்டபோது, இத்தனை பேரைத்தான் அனுப்ப வேண்டும் என்று கொந்தராத்தில் இருக்கிறது, அத்தனை பேரும் வந்திருக்கிறார்கள் என்றார். ஆஸ்பத்திரிக் கந்தோரில் இருந்த எழுதுவினைஞரோ, கொந்தராத்து தன் காலத்தில் கொடுக்கப்பட்டதல்ல என்று கையை விரித்துவிட்டார். நான்காம் நாள் பிள்ளைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் அப்படியே நின்றது.

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெண் சோம்பேறியல்ல. தாதி அக்கறையற்றவரல்ல. மேற்பார்வையாளர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தமக்குச் சொல்லப்பட்டதைச் செய்திருக்கிறார்கள். எனினும், "இது என் பொறுப்பு" என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட இருக்கவில்லை.

அரசாங்கம் தன் வேலைகளைத் தனியாருக்குக் கொடுப்பது பற்றி நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம், அது மலிவா, இலாபமா, ஊழலா என்றுதான் விவாதிக்கிறோம். அவை முக்கியமான கேள்விகளே. ஆனால், பொதுமகன் ஒருவன் முறைப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது என்ற கேள்வி இந்த விவாதத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. இம்மாதம் அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

இது புதிய சங்கதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'குத்தகை' என்ற சொல் நம் மொழியில் எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது இந்த ஏற்பாடு. 1796 இல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி, சென்னையிலிருந்தபடியே இந்நாட்டை ஆண்டது. வரி அறவிடுவதற்கென்று சொந்தமாக ஆட்களை வைத்துப் பராமரிப்பதைவிட, கூடிய தொகை தருபவருக்கு அந்த உரிமையைக் குத்தகைக்கு விடுவது அதற்கு இலகுவாக இருந்தது. சென்னையிலிருந்து வந்தவர்கள் குத்தகையை எடுத்தார்கள். தென்னை மரத்துக்கும் வரி வந்தது. ஊரையும் தெரியாது, ஊரவரையும் தெரியாது. கட்டிய பணத்துக்கு மேலாக எடுத்தால்தான் தமக்கு மிச்சம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். மறு வருடமே, 1797 இல், மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கம்பனி விசாரணைக் குழுவொன்றை நியமிக்க வேண்டியதாயிற்று. 1798 இல் பிரெடெரிக் நோர்த் முதல் ஆளுநராக வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகும் குத்தகை ஒழிந்துவிடவில்லை. சாராயக் குத்தகையும் பாலங்கள், துறைகளின் ஆயக் குத்தகையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன. இந்நாட்டின் சில பெரிய குடும்பங்களின் செல்வத்துக்கு அடித்தளம் இட்டது சாராயக் குத்தகைதான்.

இதற்கும் ஆயிரம் வருடங்களுக்கு முன், பக்தாதில் கலீபா ஹாரூன் அர்ரஷீத் கேட்டுக்கொண்டதன் பேரில் இமாம் அபூ யூஸுப் (ரஹ்) அவர்கள் 'கிதாபுல் கராஜ்' என்ற நூலை எழுதினார்கள். நிலவரியைக் குத்தகைக்கு விடும் வழக்கத்தை அதில் அவர்கள் வெளிப்படையாகவே எதிர்க்கிறார்கள். குத்தகைக்காரன் தான் கொடுத்ததைவிடக் கூடுதலாகப் பெறவே முயல்வான், அந்தக் கூடுதல் முழுவதும் குடிமக்களின் தலையில்தான் விழும், ஊர் பாழாவதைப் பற்றி அவனுக்குக் கவலையிராது என்பது அவர்களது வாதம். அதே இடத்தில் ஒரு விதிவிலக்கையும் சொல்கிறார்கள். ஊர் மக்களே தமக்குத் தெரிந்த, வசதியுள்ள ஒருவரை முன்னிறுத்தி, அவரைக் கொண்டு இது எங்களுக்கு இலகு என்று கேட்டால் ஏற்கலாம். ஆனால், நம்பிக்கையான ஓர் அதிகாரியைக் கலீபா அவருடன் அனுப்ப வேண்டும். அந்த அதிகாரி அநியாயம் நடந்தால் தடுக்க வேண்டும். அவருக்கான சம்பளம் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கப்பட வேண்டும்.

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கண்காணிப்பவனின் சம்பளம் பொதுப் பணத்திலிருந்து வர வேண்டும். கண்காணிக்கப்படுபவனின் பையிலிருந்து அல்ல. அப்படி ஓர் ஆள் இருந்தாக வேண்டும், அவனுக்கு வேலையும் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளில் நடந்தது இதற்கு நல்ல படிப்பினை. 1983 இல் மார்கரட் தட்சரின் அரசாங்கம் சுகாதார அதிகாரசபைகளுக்கு ஒரு சுற்றுநிருபம் அனுப்பியது. துப்புரவு, சலவை, உணவு ஆகிய மூன்று வேலைகளுக்கும் கேள்விப்பத்திரம் கோரப்பட வேண்டும், குறைந்த விலைக்குச் செய்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். வைத்தியம் செய்வதுதான் ஆஸ்பத்திரியின் தொழில், நிலம் துடைப்பது எவரும் செய்யக்கூடிய வேலை என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால், நிலம் துடைக்கும் தொழிலில் செலவு என்பது என்ன? துடைப்பமும் வாளியும் கொஞ்சம் மருந்துத் தண்ணீரும் கம்பனி வாங்கினாலும் அதே விலைதான், ஆஸ்பத்திரி வாங்கினாலும் அதே விலைதான். மிச்சமெல்லாம் மனிதக் கூலி. ஆகவே, விலையைக் குறைக்க வேண்டுமென்றால் ஆளைக் குறைக்க வேண்டும், அல்லது மணித்தியாலத்தைக் குறைக்க வேண்டும், அல்லது கூலியைக் குறைக்க வேண்டும். நான்காவது வழியொன்று கிடையாது. இதில் இன்னொரு வேடிக்கை. பெரும்பாலான கேள்விப்பத்திரங்களில் வென்றது ஆஸ்பத்திரியின் சொந்தத் துப்புரவுப் பிரிவுகளேதான். வெல்வதற்காக அவர்களும் தங்கள் ஆட்களையும் நேரத்தையும் வெட்டிக்கொண்டார்கள். கம்பனி உள்ளே வராமலே கம்பனியின் கணக்கு உள்ளே வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய நட்டம் கணக்கில் ஏறாதது. முன்பெல்லாம் வார்டின் தலைமைத் தாதிதான் அந்த வார்டின் துப்புரவுக்கும் எஜமானி. ஒரு கட்டிலைச் சுற்றி அழுக்கு இருந்தால் கூப்பிட்டுச் சொல்வார். அந்தத் தொழிலாளியும் அந்த வார்டைத் தன் வார்டு என்று நினைப்பாள். நோயாளிக்குத் தண்ணீர்க் குவளையை எட்டிக் கொடுப்பாள், யாராவது வாடிக் கிடந்தால் தாதிக்கு வந்து சொல்வாள். கொந்தராத்து வந்த பிறகு வேலை சொல்லும் அதிகாரம் தாதியின் கையிலிருந்து போய், ஒரு கடதாசிக்குள் புகுந்துகொண்டது. கடதாசியில் எழுதப்பட்டது செய்யப்படும். எழுதப்படாதது செய்யப்படாது. ஒரு வார்டில் நடக்கும் எல்லாவற்றையும் எந்தச் சட்டத்தரணியால் எழுதி முடிக்க இயலும்?

இங்கிலாந்தின் 126 ஆஸ்பத்திரி நிர்வாகங்களின் 2010 முதல் 2014 வரையான பதிவுகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். துப்புரவைக் கம்பனிகளிடம் கொடுத்திருந்த இடங்களில் செலவு குறைந்துதான் இருந்தது. ஆனால், கட்டிலொன்றுக்கு இருந்த துப்புரவாளர் தொகையும் குறைவு. சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமியின் தொற்றோ அந்த இடங்களில் கூடுதலாக இருந்தது. ஒன்றினால்தான் மற்றது நேர்ந்தது என்று இத்தகைய ஒப்பீடு அறுதியிட்டுக் கூறாது. வேறு காரணங்களையும் அவர்கள் கணக்கில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அதன் பிறகும் வித்தியாசம் எஞ்சியிருந்தது. ஸ்கொட்லாந்து அந்த ஆய்வுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. 2008 இலேயே, ஆஸ்பத்திரித் துப்புரவையும் உணவையும் இனித் தனியாருக்குக் கொடுப்பதில்லை என்று அறிவித்துவிட்டது.

சரி, கடதாசியில் எழுதக்கூடிய, எண்ணிப் பார்க்கக்கூடிய வேலையென்றால்? அங்கும் எண்ணுவதற்கு ஆள் வேண்டுமே. அதே நாட்டில், சிறைக்கு அனுப்பாமல் வீட்டுக் காவலில் வைக்கப்படும் குற்றவாளிகளின் கணுக்காலில் ஒரு மின்னியல் கருவியைப் பூட்டிக் கண்காணிக்கும் முறை இருக்கிறது. அந்த வேலை 2005 முதல் ஜி4எஸ், செர்கோ என்ற இரண்டு பெரிய கம்பனிகளிடம் இருந்தது. 2013 இல் புதிய கொந்தராத்துக்கான ஆயத்தங்களைச் செய்யும்போதுதான் நீதி அமைச்சுக்கு விஷயம் தெரியவந்தது. சிறைக்குத் திரும்பிவிட்டவர்கள், நாட்டைவிட்டே போனவர்கள், ஏன், இறந்து அடக்கம் செய்யப்பட்டவர்கள் பெயரிலும் 'கண்காணிப்புக் கட்டணம்' என்று பில் வந்திருக்கிறது. அமைச்சும் செலுத்தியிருக்கிறது. செர்கோ 68.5 மில்லியன் பவுணும், ஜி4எஸ் நூறு மில்லியன் பவுணுக்கு மேலும் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. கப்றிலிருப்பவரைக் கண்காணித்ததற்குக் காசு கேட்டவர்களைவிட, வருடக்கணக்காகக் கேள்வியே கேட்காமல் அதைக் கொடுத்தவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் ஆச்சரியம். வேலையைக் கொடுத்தவர்கள், அந்த வேலை தெரிந்த தங்கள் கண்களையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு இணையம் மூலம் முன்கூட்டியே பிரயாண அனுமதி கொடுக்கும் முறையொன்று 2012 முதல் இங்கு இயங்கி வந்தது. அதன் தொழில்நுட்பத்தை உள்நாட்டுத் தொலைபேசிக் கம்பனியான மொபிடெல் கவனித்தது. 2024 ஏப்ரலில் அது கைவிடப்பட்டு, ஜி.பி.எஸ்., ஐ.வி.எஸ். என்ற கம்பனிகளும் வி.எப்.எஸ். குளோபலும் சேர்ந்த கூட்டொன்றிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. விஸா கட்டணத்துக்கு மேலதிகமாகச் சேவைக் கட்டணம் என்று மட்டும் 18.50 டொலர் வந்து சேர்ந்தது. மே மாதத் தொடக்கத்தில், கட்டுநாயக்க விமான நிலையக் கருமபீடத்தில் வெளிநாட்டவர்கள் அமர்ந்திருப்பதைப் பார்த்துப் பொறுமையிழந்து சத்தம் போட்ட ஒருவரின் காணொளி கைக்குக் கை பரவியது. போட்டி அடிப்படையில் கேள்விப்பத்திரம் கோரப்படாமலே இந்த வேலை கைமாறியிருப்பதைப் பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழு சுட்டிக்காட்டியது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வழக்குத் தொடுத்தனர். 2024 ஆகஸ்ட் 2 ஆம் திகதி, புதிய முறையை நிறுத்திப் பழைய முறைக்குத் திரும்பும்படி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது.

அதற்குப் பின்னர் நடந்ததுதான் நம் கேள்விக்கு நேராக வருகிறது. உத்தரவு வந்தது, பழைய முறை வரவில்லை. வாரங்கள் கழிந்தன. கடைசியில், செப்டெம்பர் 25 ஆம் திகதி, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைவரே நீதிமன்றத்தை அவமதித்ததாக விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அதன் பிறகுதான் பழைய முறை உயிர்பெற்றது. ஒரு கடையில் சாமான் சரியில்லையென்றால் மறுநாள் அடுத்த கடைக்குப் போகலாம். நாட்டின் வாசற்கதவின் சாவியை ஒருவரிடம் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்பது அப்படியல்ல. நாட்டின் அதியுயர் நீதிமன்றம் உத்தரவிட்டும் இவ்வளவு பாடு என்றால், வார்டில் நிற்கும் தாயின் முறைப்பாட்டுக்கு என்ன கதி?

இதை வைத்துக்கொண்டு, அரசாங்கமே எல்லாவற்றையும் செய்தால் பாலும் தேனும் ஓடும் என்று சொல்ல வரவில்லை. அரசாங்கக் கந்தோர்களில் 'நாளைக்கு வாங்க' என்ற சொல்லைக் கேட்டுத் தேய்ந்த செருப்புகள் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. வெளியாரிடம் கொடுத்து நன்றாக நடந்த வேலையும் கண் முன்னால் இருக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற 'சுவசெரிய' அம்புலன்ஸ், 2016 ஜூலையில் இந்தியாவின் நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் ஆரம்பமானது. அதை முதலில் நடத்தியது, இந்தியாவில் இத்தகைய சேவையில் பழகிய ஒரு நிறுவனம். அவர்களிடமிருந்து வேலையைக் கற்றுக்கொண்டோம். 2018 இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, சேவை ஓர் அரச மன்றத்தின் கீழ் வந்தது. அவ்வருடமே வட மாகாணத்துக்கும் வண்டிகள் போயின. நோயாளியிடம் காசு கேட்பதில்லை. அழைத்தும் வண்டி வராவிட்டால் யாரைக் கேட்பது என்பதில் எவருக்கும் குழப்பமில்லை, ஏனென்றால் சட்டத்திலேயே பெயர் இருக்கிறது. வெளியாரிடம் கற்றுக்கொண்டு வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்வது ஒன்று. தெரிந்த வேலையையும் வெளியாரிடம் கொடுத்துவிட்டு மறந்துபோவது இன்னொன்று. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் விவாதம் குழம்புகிறது.

கொந்தராத்துத் துப்புரவுப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இப்பத்தியை வாசிப்பவர்களின் வீடுகளிலிருந்தும், அடுத்த வீடுகளிலிருந்தும் அந்த வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் நிரந்தரச் சிற்றூழியருக்கு முதுமையில் ஓய்வூதியம் உண்டு. இவளுக்கு அது இல்லை. ஆனால், ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கம்பனி தனியாருடையது என்பதாலேயே ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது. சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்கப்பட்டால், தொழில்கொள்வோர் தன் பங்காக 12 வீதம் சேர்த்துச் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம் தொழில்கொள்வோரே கட்ட வேண்டும், அதை ஊழியரிடம் கழிக்கவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இந்த உரிமை தொடங்குகிறது. 'ஆறு மாதம் போகட்டும் பார்ப்போம்' என்பது சட்டத்தில் இல்லாத வசனம். கொந்தராத்து கைமாறும்போது பழைய கம்பனி போய்ப் புதிய கம்பனி வரும், அதே பெண் அதே துடைப்பத்தோடு அதே வார்டில் நிற்பாள், சீருடையின் நிறம் மட்டும் மாறியிருக்கும். அப்படி மாறும் வேளையில்தான் முந்திய மாதங்களின் பணம் காணாமல் போகிறது. சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பணம் கட்டப்படவில்லை என்று தெரிந்தால் பிரதேசத்தின் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். அங்கே கொந்தராத்தைப் பற்றிய கதை எடுபடாது.

நோயாளிக்கும், அவரைப் பார்க்கப் போகிறவருக்கும், பிள்ளையின் பாடசாலை மலசலகூடத்தைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கும் கேட்பதற்கு ஒரு கதவு 2017 முதல் திறந்தே இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத்தான் சொல்கிறேன். அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பொதுச் சேவையொன்றை நடத்தும் தனியார் நிறுவனத்தையும், அந்தச் சேவையைப் பொறுத்தமட்டில், இச்சட்டம் 'பகிரங்க அதிகாரசபை' என்றே கொள்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியாது. அதிகாரிகள் சிலருக்கும் தெரியாதது போலத்தான் தோன்றுகிறது. ஆகவே, கம்பனி எத்தனை பேரை அனுப்பச் சம்மதித்தது, மலசலகூடம் நாளொன்றுக்கு எத்தனை தடவை கழுவப்பட வேண்டும், கழுவாவிட்டால் எவ்வளவு தண்டப்பணம், இதுவரை ஒரு தடவையாவது தண்டம் அறவிடப்பட்டிருக்கிறதா, வேலை திருப்தி என்று மாதாமாதம் கையொப்பமிடும் அதிகாரி எந்தப் பதவியில் இருப்பவர் என்றெல்லாம் ஆஸ்பத்திரியின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். வர்த்தக இரகசியம் என்று சிலவற்றை மறுப்பார்கள். பொதுநலன் மேலோங்கி நிற்கும் இடத்தில் அந்த மறுப்பும் செல்லாது.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவித்தாக வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள்ளும், அவரும் மறுத்தால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தைக் கொடுத்ததும் கையோடு திரும்பி வந்துவிடாதீர்கள். பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். திகதி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.